சாமத்துக்கு முன்னால் கதை முடியாது

22 வருடங்களாக வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறேன். பங்குனி பிறந்ததிலிருந்து ஆவணி முடியும்வரை திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி என்று கொடை, அதாவது ஊர்க் கோவில் திருவிழா, நடக்கிற ஊர்களில்தான் எங்கள் இரவுகள் கழியும். பகலில் வேன் சீட்டில் தூக்கம், ஏதாவது ஒரு பம்புசெட்டில் குளியல், சாயங்காலம் இன்னொரு ஊர்.

வெளியூர்க்காரர்கள் யாரைச் சந்தித்தாலும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "இந்தக் கலை அழிஞ்சுகிட்டே வருதே, உங்களுக்கு வருத்தமா இல்லையா?" அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனால் சித்திரையில் எங்களைக் கூப்பிடுகிற ஊர்களுக்கெல்லாம் போக எங்களுக்கு நாள் போதாது. கொடை என்றால் செவ்வாய் அல்லது வெள்ளி. ஒரு மாதத்தில் மிஞ்சிப்போனால் எட்டு ஒன்பது நாள். எல்லா ஊரும் சித்திரைக் கடைசிச் செவ்வாயையே கேட்கும். ஆறு மாதம் முன்னால் வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுத்தவர்களுக்கே அந்த நாள். மற்றவர்களிடம் வேறு செட்டின் நம்பரைக் கொடுத்து அனுப்புகிறோம். அதனால் கலை அழிகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்குக் கொடுக்கப்படுகிற இரவுதான் வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே போகிறது. என் வருத்தமெல்லாம் அதில்தான்.

அது என்ன இரவுக் கணக்கு என்று சொல்ல வேண்டும்.

வில்லுப்பாட்டை மேடையில் நடக்கிற ஒரு நிகழ்ச்சியாக மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. கொடையில் நாங்கள் பாடுவது ஜனங்களுக்காக மட்டுமல்ல, பீடத்தில் இருக்கிற சாமிக்கு அதன் கதையைச் சொல்கிறோம். காப்பு பாடி, குருவை வணங்கி, அவையடக்கம் சொல்லி, நாட்டு வளம் பாடி, அப்புறம்தான் கதைக்குள் நுழைவோம். சாமக்கொடை நடுராத்திரி 12 மணிக்கு. அந்தப் பூஜைக்கு மணி அடிக்கிற நேரமும் கதையில் சாமி வருகிற இடமும் ஒன்றாகச் சேர வேண்டும். சுடலைமாடன் கதை என்றால் கயிலாயத்தில் பிறந்து, சுடுகாட்டுப் பிணத்தைத் தின்று, வரம் வாங்கி, பூமிக்கு இறங்குகிற இடம். வெட்டுப்பட்டுச் செத்துத் தெய்வமானவர்கள் கதை என்றால் அந்த வெட்டு விழுகிற இடம். அங்கேதான் உடுக்கு வேகம் எடுக்கும், சாமியாடுகிற கோமரத்தாடிக்கு உடம்பு சிலிர்க்கும், ஊரே எழுந்து நிற்கும்.

எங்கள் செட்டுக்கு அக்காதான் தலைவி. வில்லடித்துப் பாடுவது அவர். கடிகாரம் பார்த்து நான் கண்டதில்லை. பாடிக்கொண்டே பூசாரியைப் பார்ப்பார். பூசாரி குளிக்கப் போகிறாரா, திரும்பி வந்து ஈர வேட்டியோடு நிற்கிறாரா, படையல் பாதி ஆகிவிட்டதா என்று பார்த்து அதற்கேற்ப நாட்டு வளத்தில் நான்கு ஆறு, இரண்டு மலை கூடும் அல்லது குறையும். பூஜை தாமதம் என்று தெரிந்தால் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை. நான் ஒரு தனி ஆவர்த்தனத்துக்கு இறங்குவேன். எந்தப் புத்தகத்திலும் இந்தக் கணக்கை நான் படித்ததில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து என் கைக்கு வந்தது.

குடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். அது என் தொழில், அதைச் சொல்லாமல் முடியாது. வில்லின் முதுகு குடத்தின் கழுத்தில் சாய்ந்திருக்கும். இரண்டையும் கயிற்றால் பிணைத்திருப்போம். வலது கையில் பத்தி. கமுகம்பாளையில் வெட்டிய விசிறி மாதிரியான மட்டை அது. அதைக் குடத்தின் வாயில் அடித்தால் வயிற்றுக்குள்ளிருந்து கும்மென்று ஒரு சத்தம் கிளம்பும். இடது கையில் ஒரு நாணயம். அதால் குடத்தின் பக்கத்தில் தட்டினால் கணீரென்று வரும். இந்த இரண்டு சத்தத்துக்கு நடுவில்தான் என் பிழைப்பு. அக்கா வீசுகோலால் நாணில் அடிக்கிற ஒவ்வொரு அடியும் வில் வழியாக, குடம் வழியாக, என் முழங்காலுக்கு வந்துவிடும். காதால் கேட்பதற்கு முன்னால் காலில் தெரியும். அடுத்தது விருத்தமா துள்ளல் நடையா என்று சில நேரம் முழங்கால்தான் எனக்குச் சொல்லும்.

நல்ல குடம் கிடைப்பது லேசில்லை. மண்பாண்டம் செய்கிற வேளார் வீட்டில் சூளை பிரிக்கிற அன்றைக்குப் போய் நின்று ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்ப்பேன். தண்ணீர்க் குடத்தைவிடச் சுவர் கனமாக இருக்க வேண்டும், எல்லாப் பக்கமும் ஒரே கனமாக வெந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தாலும் சத்தம் பிளந்து வரும். பத்தைச் சுண்டினால் ஒன்று தேறும். வில்லை வேனின் மேல் கேரியரில் கட்டுவோம். குடம் மட்டும் எப்போதும் என் மடியில்தான். பழைய கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கம் கலையும். 22 வருடத்தில் நான்கு குடம் உடைந்திருக்கிறது. அதில் மூன்று வேனில் உடைந்தவை. ஒன்று பஸ்ஸில். மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது, டிக்கியில்தான் போட வேண்டும் என்று கண்டக்டர் பிடிவாதமாக இருந்தார். இறங்கும்போது கம்பளிக்குள் ஓடாகக் கிடந்தது. அன்று இரவு கொடை வீட்டுக்காரர்கள் அடுப்படியில் இருந்த தண்ணீர்க் குடத்தைக் காலி செய்து கொடுத்தார்கள். மெல்லிய குடம். உடைந்துவிடுமோ என்று விடியும்வரை பயந்து பயந்து தட்டினேன்.

சரி, இரவு சிறுத்துப்போன கதைக்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சித்திரையில் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சுடலை கோவில் கொடை. கதை தொடங்கி ஒன்றரை மணி நேரம் இருக்கும். இரவு 10 மணிக்குப் போலீஸ் ஜீப் வந்தது. வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது, அது சட்டம் என்றார். 2000ஆம் ஆண்டிலேயே வந்த ஒலி மாசு விதி அது. விழாக்குழுவில் ஒருவர் மேடைக்கு வந்து அக்காவிடம் குனிந்து சொன்னார்: "சுருக்கமா வாழி பாடி முடிச்சிருங்கக்கா. சம்பளத்துல ஒண்ணும் பிடிக்க மாட்டோம்."

அக்கா கேட்டார்: "இன்னும் சாமி பூமிக்கே இறங்கலியே அண்ணாச்சி, அதுக்குள்ள எங்க முடிக்க? மைக்கை மட்டும் அமத்துங்க. சாமிக்கு எதுக்கு மைக்?"

மைக்செட் அமர்ந்தது. அந்த நிசப்தத்தில் தூரத்து நாய்க் குரைப்பும் ஜெனரேட்டரும் மட்டும் கேட்டன. அப்புறம் அந்த ஜெனரேட்டரையும் நிறுத்தினார்கள். அக்கா மைக் இல்லாத தொண்டையில் ஒரு விருத்தம் எடுத்தார். பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பின்னால் தள்ளிவிட்டு ஜனங்கள் கீழே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். பெண்கள் பாயைத் தூக்கிக்கொண்டு மேடையின் விளிம்புக்கே வந்தார்கள். ஒரு அறுபது, எழுபது பேர். மைக்கில் பாடும்போது நான் அடிக்கிற அடியை அப்படியே அடித்தால் அவர் குரல் மூழ்கிவிடும். பத்தியைக் கீழே வைத்துவிட்டு, குடத்தின் வாயை உள்ளங்கையால் பொத்திப் பொத்தி எடுத்தேன். நாணயத்தை நகக்கண்ணளவுக்குத்தான் தட்டினேன். உடுக்குக்காரர் கயிற்றைத் தளர்த்திக்கொண்டார். அந்த இரவில் அக்கா மூச்சு வாங்குகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. வருடக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அதற்கு முன்னால் அதைக் கேட்டதே இல்லை.

பார்வதி தூண்டாமணி விளக்கின் கீழ் நின்று பிள்ளை வரம் கேட்கிற இடத்தை நேரம் போய்விட்டதே என்று அக்கா கொஞ்சம் வேகமாகக் கடந்தார். முன்வரிசையில் இருந்த ஒரு ஆச்சி கையைத் தூக்கினார். "எம்மா, முந்தி ஏந்தி நின்னதைப் பாடலியே. அதைப் பாடாம பிள்ளை எப்படித் தாயி பொறக்கும்?"

அக்கா வில்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய் அந்த இடத்தை முழுக்கப் பாடினார். சேலை முந்தியில் விளக்கின் சுடர் விழுந்து முண்டமாகி, முண்டம் பிள்ளையாகி, பிள்ளை அழுதது. 12 மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மாடன் பூமிக்கு இறங்கினார். கோமரத்தாடி தீப்பந்தத்தைக் கையில் எடுத்தார்.

அந்த ஆச்சி மாதிரி ஆட்களை நம்பித்தான் எங்கள் தொழிலே இருக்கிறது. கதை அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். நாங்கள் எங்கே ஒளிந்துகொள்கிறோம் என்பதும் தெரியும்.

ஒலிபெருக்கிச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மின்கம்பத்துக்கு ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டி வீட்டு ஜன்னலைப் பார்க்கத் திருப்பி வைக்கிற ஊர்களில் நானே காதைப் பொத்தியிருக்கிறேன். பங்குனிக் கொடை சமயத்தில்தான் பிளஸ் டூ பரீட்சையும் வருகிறது. என் மகளும் ஒரு வருடம் அப்படித்தான் படித்தாள். குழாய் வேண்டாம். ஆனால் குழாயை நிறுத்துவதும் கதையை நிறுத்துவதும் ஒன்றில்லை. மைக் இல்லாமலும் விடியும்வரை பாட எங்களால் முடியும். 10 மணிக்கு மேல் கச்சேரியே கூடாது என்று விழாக்குழுக்கள் தாங்களாகவே முடிவு செய்துகொள்வதுதான் என் மனதை அறுக்கிறது. இப்போது பாதி ஊர்களில் சாயங்காலம் 7 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு முடிக்கச் சொல்கிறார்கள். அதன்பிறகு சினிமாப் பாட்டு டான்ஸ் இருக்கிறது, அதற்கு மேடை வேண்டும் என்கிறார்கள்.

நேரத்தைக் குறைத்தால் கதை சுருங்கும், அவ்வளவுதானே என்று நினைக்கலாம். எது வெட்டுப்படுகிறது என்று பார்த்தால்தான் தெரியும். முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் பட்டவராயனாக நிற்கிறவர். அவருக்கு இன்றைக்கும் தோல் செருப்பு காணிக்கை வைக்கிறார்கள். பிராமணப் பிள்ளையான பட்டன், செருப்புத் தைக்கிற வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா மேல் ஆசை வைக்கிறான். பெண் கேட்டுப் போனவனிடம் வாலப்பகடை பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வா என்கிறான். கதையின் உயிரே அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. "நேரமில்லை, சண்டைக்குப் போயிருங்க" என்று சொல்லும்போது ஒவ்வொரு முறையும் முதலில் போவது அந்தப் பேச்சு. சில ஊர்களில் நேரம் இருந்தாலும் "அந்தக் கல்யாணத்தை ரொம்ப இழுக்காண்டாம்" என்று காதில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பெண்கள் பிறப்பில் பிராமணக் குழந்தைகள்தான், வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று பின்னால் ஒட்டுப்போட்ட பாடமும் ஒன்று உண்டு. அதைப் பாடச் சொல்லிக் கேட்பார்கள். அக்கா அதை ஒருநாளும் பாடியதில்லை. அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்த ஊரும் இருக்கிறது.

வேனைவிட்டு இறங்கியதும் "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்கிற ஊர்கள் இன்னமும் இருக்கின்றன. பக்கம் என்றால் திசை இல்லை. பதிலைப் பொறுத்துத்தான் சாப்பாடு பந்தியிலா பின்கட்டிலா என்று முடிவாகும். பின்கட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து அதே ஊர் மேடையில் வாலப்பகடையின் பேச்சுக்குக் குடம் அடித்திருக்கிறேன். அன்று அடித்த அடி என் உள்ளங்கையில் இரண்டு நாள் இருந்தது. ஆகவே அந்த இடத்தை வெட்டு என்று யாராவது சொன்னால் என்னால் அதை வெறும் நேரப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

விழிப்புணர்வு நிகழ்ச்சிகளையும் நாங்கள் செய்கிறோம். எய்ட்ஸ், மழைநீர் சேகரிப்பு, ஓட்டுப் போடுவது என்று இருபது நிமிடத்தில் பாட எழுதிக் கொடுப்பார்கள். மழைக்காலத்தில் அந்தப் பணம்தான் அரிசி வாங்கியது, அதை மதிக்கிறேன். மற்ற மாதங்களில் நான் பெயிண்ட் அடிக்கப் போவேன், அக்கா பீடி சுற்றுவார். 2020, 2021 இரண்டு வருடமும் சரியாகக் கொடைக் காலத்திலேயே ஊரடங்கு வந்தபோது குடத்தைக் கம்பளியைவிட்டு எடுக்கவே இல்லை. நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியம் 2007இல் வந்தது. அதில் பதிவு செய்யாமலே இருந்தவர்கள் பலர் ஊரடங்கின்போதுதான் அட்டைக்கு அலைந்தார்கள். இளைய ஆட்டக்காரர்களுக்கு நான் சொல்வது, முதல் சம்பளம் வாங்கிய வாரமே போய்ப் பதிந்துவிடுங்கள் என்பதுதான். எனக்கு ஒரு இரவுக்கு 1,500 ரூபாய். விடிய விடியப் பாடினாலும் இரண்டு மணி நேரம் பாடினாலும் அதேதான். குறைந்த நேரத்துக்கு அதே சம்பளம் லாபம்தானே என்று என் மைத்துனன் கேட்பான். அவனுக்கு இன்றுவரை என்னால் விளக்க முடியவில்லை.

போன ஆடியில் ஒரு ஊரில் சரியாக 9 மணிக்குக் கையைக் காட்டிவிட்டார்கள். கதை பாதிகூட ஆகவில்லை. வாழி பாடவும் விடவில்லை, டான்ஸ்காரர்கள் ஏறி நின்றுவிட்டார்கள். கதை கேட்டவர், கொடை எடுத்தவர், பந்தல் போட்டவர், விளக்குப் பிடித்தவர், மாடு கன்று, வயல் வரப்பு எல்லாம் வாழ வேண்டும் என்று பாடித்தான் நாங்கள் எந்த ஊரிலிருந்தும் எழுந்திருப்போம். வில்லைக் கேரியரில் கட்டினோம், வேன் கிளம்பியது. ஊர் எல்லை தாண்டுகிற வரை யாரும் பேசவில்லை. பாலத்துப் பக்கம் வந்ததும் முன்சீட்டில் இருந்த அக்கா மெதுவாக வாழி எடுத்தார். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் பாடினார். கம்பளியை விலக்கி, மடியிலிருந்த குடத்தில் நாணயத்தால் தட்டினேன். டிரைவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.