தரவரிசையில் இல்லாத பையனுக்கு எங்கள் அணியில் இடம் உண்டா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் ஆடவர் அணிகள் மட்டும் 350க்கு மேல் இருக்கின்றன. தொலைக்காட்சியில் அடிக்கடி வரும் பெரிய பெயர்கள் போக, எஞ்சிய அணிகளுள் ஒன்றில், மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில், காணொளிப் பகுப்பாய்வாளராக வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அழைக்கும் உறவினர்கள், "மேட்ச் பார்ப்பதற்கா சம்பளம் தருகிறார்கள்?" என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஆட்டத்தைப் பார்ப்பது இந்த வேலையில் பாதிகூட இல்லை. பார்த்ததைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, பயிற்சியாளர்கள் தமக்குள் வாதிட்டுக்கொள்ள வசதியாக அடுக்கிக் கொடுப்பதுதான் என் பணி. அந்த வாதங்களுள் நெடுநாள் நீண்ட ஒன்றைப் பற்றி இங்கே எழுதுகிறேன். பெரிதாக யாரும் கண்டுகொள்ளாத ஒரு பள்ளி மாணவனை எங்கள் அணிக்கு எடுப்பதா, வேண்டாமா என்பதே அந்த வாதம்.

பள்ளி ஆட்டக்காரர்களுக்கு நட்சத்திரம் வழங்குவது இங்கே தனித் தொழில். 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈஎஸ்பிஎன் போன்றவை ஐந்து நட்சத்திரம் வரை கொடுத்துத் தரவரிசைப் பட்டியல் வெளியிடுகின்றன. அந்த மதிப்பெண்களில் பெரும்பகுதி பள்ளி ஆட்டங்களை வைத்து வருவதில்லை. நைக்கி, அடிடாஸ், அண்டர் ஆர்மர் ஆகிய நிறுவனங்கள் நடத்தும் கோடைக்காலச் சுற்றுகளில்தான் அவை முடிவாகின்றன. தென் கரோலினாவின் வடக்கு அகஸ்டாவில் ஜூலை மாதம் நடக்கும் பீச் ஜாம் போட்டிக்குப் போனால், நாட்டின் முக்கியமான பயிற்சியாளர்கள் எல்லோரையும் ஒரே அரங்கத்தில் பார்த்துவிடலாம். நாங்கள் பேசிக்கொண்டிருந்த பையன் அந்தப் பக்கமே போனதில்லை. கோடை முழுவதும் தந்தையின் கூரை போடும் தொழிலில் உதவியாக இருந்தவன். இலையுதிர் காலத்தில் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஆடியவன். ஆகவே பட்டியல் தயாரித்தவர்கள் அவனை எடைபோட்டுக் குறைத்து மதிப்பிட்டார்கள் என்று சொல்வது சரியல்ல. அவர்கள் நின்ற இடத்தில் அவன் இல்லை, அவ்வளவுதான். எங்கள் இளைய உதவிப் பயிற்சியாளர் இந்த வேறுபாட்டைத்தான் முதலில் வலியுறுத்தினார். பலர் பார்த்துவிட்டு ஒதுக்கிய பையன் வேறு, ஒருவரும் பாராத பையன் வேறு என்றார்.

இத்தகைய கூட்டங்களில், பின்னாளில் தொழில்முறைக் கூடைப்பந்தான என்பிஏவின் பெரும் நட்சத்திரமான ஸ்டீஃபன் கறியின் பெயர் வராமல் இருக்காது. அவருடைய தந்தை டெல் கறி விர்ஜீனியா டெக்கின் பெயர்பெற்ற ஆட்டக்காரர். அந்தப் பல்கலைக்கழகமே மகனுக்கு உதவித்தொகை தர முன்வரவில்லை. டேவிட்சன் என்ற சிறிய கல்லூரியின் பயிற்சியாளர் பாப் மக்கில்லப் அவரை அழைத்துக்கொண்டார். 2008இல் தேசியப் போட்டியில் தோற்காமல் எஞ்சிய எட்டு அணிகளுள் ஒன்றாக அந்த அணி நின்றது. ஜா மொரண்டின் கதை இன்னும் சுவையானது. மரே ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் உதவிப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கேன் வேறொரு பையனைப் பார்க்கப் போன இடத்தில், நொறுக்குத் தீனி வாங்க எழுந்துபோனபோது, பக்கத்து அரங்கத்தில் மூவருக்கு மூவர் ஆடிக்கொண்டிருந்த மொரண்டைக் கண்டார். என்பிஏ அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 2019ஆம் ஆண்டு மொரண்ட் இரண்டாம் இடத்தில் எடுக்கப்பட்டார்.

இந்தக் கதைகள் உண்மையானவை என்றாலும் ஒரு முடிவெடுக்க இவை எனக்கு உதவியதே இல்லை. பட்டியலில் இல்லாமல் வந்து, இரண்டு ஆண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போனவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை; அவர்கள்தாம் பெரும்பான்மையினர். எனக்குப் பயன்பட்ட முன்னுதாரணம் சாக் ஈடி. ஏழடி நான்கு அங்குல உயரம் கொண்ட அவர், ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடி வளர்ந்து, கூடைப்பந்துக்குத் தாமதமாக வந்த கனடியர். தன் வயதினரின் பட்டியலில் 400க்கும் கீழே கிடந்தார். பர்டூ பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் மாட் பெயின்டர் நெடுநாளாகவே உயரமான மைய ஆட்டக்காரரைச் சுற்றி ஆட்டத்தை அமைப்பவர். அங்கேயும் ஈடி முதல் இரண்டு பருவங்களில் டிரெவியன் வில்லியம்ஸ் என்ற சக ஆட்டக்காரருடன் நேரத்தைப் பகிர்ந்துகொண்டுதான் ஆடினார். அதன் பிறகே 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். அவருடைய உயரத்தைப் பயன்படுத்தத் தெரிந்த அணி, காத்திருக்க மனமுள்ள பயிற்சியாளர், முந்திக்கொண்டு ஓடாத ஆட்டக்காரர் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுசேர்ந்தன. எங்களிடம் இவற்றுள் எது இருக்கிறது என்பதே எனக்கு முக்கியமான கேள்வியாகப் பட்டது.

விதிப்படி, பள்ளிகளுக்குப் போய் ஆட்டக்காரர்களை மதிப்பிடும் உரிமை குறிப்பிட்ட பயிற்சியாளர்களுக்கு மட்டுமே உண்டு. என்னைப் போன்றவர்கள் திரையில்தான் பார்க்க வேண்டும். அவனுடைய பள்ளிப் பயிற்சியாளர் ஒரு பருவத்தின் ஆட்டங்களை முழுமையாக ஹடல் என்ற விளையாட்டுக் காணொளித் தளத்தில் ஏற்றி அனுப்பியிருந்தார். முதலில் மூன்று புள்ளி வீச்சுகளை எடுத்துக்கொண்டேன். பள்ளி ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு 19 அடி 9 அங்குலத்தில் இருக்கிறது. கல்லூரியிலோ 2019-20 பருவம் முதல் 22 அடி 1¾ அங்குலம். இரண்டடிக்கு மேற்பட்ட இந்த வேறுபாடு பள்ளியில் புகழ்பெற்ற பல வீச்சாளர்களை இங்கே சாதாரணமாக்கிவிடுகிறது. எனவே பந்து விழுந்ததா என்று பாராமல், ஒவ்வொரு வீச்சிலும் அவன் பாதம் எங்கே இருந்தது, தவறிய பந்து வளையத்தின் எந்தப் பக்கம் பட்டது என்று குறித்துக்கொண்டே போனேன். கோட்டுக்கு வெகுதொலைவு பின்னால் நின்று எறிவது அவனுக்குப் பழக்கமாக இருந்தது. தவறியவை பெரும்பாலும் வளையத்தின் முன்விளிம்பில் பட்டன. இடமும் வலமும் சிதறியவை அரிது. முன்விளிம்பில் பட்டவற்றுள் பல நான்காம் கால்பகுதியைச் சேர்ந்தவை. நேராகப் போய்க் குறைவாக விழும் பந்துக்குக் காரணம் பெரும்பாலும் களைத்த கால்கள். அதை உடற்பயிற்சிக் கூடத்தில் சரிசெய்யலாம். பக்கவாட்டில் விலகும் பந்துக்குக் காரணம் கையிலும் முழங்கையிலும் இருக்கும். பதினெட்டு வயதில் அதை மாற்றுவது பெரும்பாடு.

தற்காப்புதான் சிக்கலாக இருந்தது. நாங்கள் ஆடுவது பேக்-லைன் எனப்படும் முறை. டிக் பென்னட் வகுத்த இந்த முறையை வைத்தே அவருடைய மகன் டோனி பென்னட் 2019இல் விர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குத் தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்கிப் பிடிக்க, மற்ற நால்வரும் கூடையைச் சுற்றிக் கற்பனையாக வரையப்பட்ட 16 அடி வளைவுக்குள் ஒடுங்கி நிற்க வேண்டும். தான் காக்கும் ஆளுக்குப் பந்து போனவுடன் பாய்ந்து சென்று, கடைசி இரண்டடியைக் குறுகிய எட்டுகளாக வைத்து, கையை உயர்த்தி நிற்க வேண்டும். இதைக் குளோஸ்-அவுட் என்கிறோம். இந்தப் பையனின் பள்ளியோ பருவம் முழுவதும், முன்னால் இருவரும் பின்னால் மூவருமாக நின்று ஆளுக்கு ஒரு பகுதியைக் காக்கும் இரண்டு-மூன்று ஸோன் ஆடியது. ஒரு பகுதியைக் காத்து நிற்பவனை எத்தனை மணி நேரம் பார்த்தாலும், அவனால் ஓர் ஆளைத் தனியாகக் காக்க முடியுமா என்பது தெரியாது. மூத்த உதவிப் பயிற்சியாளர் இதையே பிடித்துக்கொண்டார். "நமக்குத் தேவையான ஒன்றை அவன் செய்து நாம் பார்த்ததே இல்லை. பாராததை எப்படி நம்புவது?" என்றார்.

அதற்கு விடை அந்தப் பள்ளி தோற்ற ஆட்டங்களின் கடைசி நிமிடங்களில் கிடைத்தது. இத்தனை நொடிக்குள் பந்தைக் கூடைக்கு எறிந்தாக வேண்டும் என்று கணக்கிடும் ஷாட் கிளாக், பல மாநிலங்களில் பள்ளி ஆட்டத்துக்கு இன்னும் கட்டாயமில்லை. முன்னணியில் இருக்கும் அணி பந்தை வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தலாம். பின்தங்கிய அணி ஸோனைக் கைவிட்டு ஆளுக்கு ஆளாகப் போய்ப் பிடித்தாக வேண்டும். அப்படிப்பட்ட தருணங்களை மட்டும் தேடி வெட்டினேன். அவற்றுள் ஒன்றில் எதிரணியின் வேகமான ஆட்டக்காரனை நோக்கி அவன் பாய்கிறான். வழக்கமாகப் பள்ளிப் பையன்கள் செய்வதுபோலக் குதித்துத் தடுக்காமல், இடுப்பைத் தாழ்த்தி, எட்டுகளைக் குறுக்கி, எதிராளியை வலப்பக்கமாகப் போகவிடுகிறான். அங்கே இந்தப் பையனின் சக ஆட்டக்காரன் காத்திருக்கிறான். யாரும் கற்றுக்கொடுத்திருக்க வாய்ப்பில்லாத ஓர் அசைவு அது. தலைமைப் பயிற்சியாளர் அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார்.

அதே தொகுப்பில் அவனுக்குப் பாதகமானதும் இருந்தது. அதையும் நான் வெட்டி வைத்திருந்தேன். பந்து தன்னிடம் இல்லாதபோது அவன் முழங்காலில் கைவைத்து நின்றுவிடுகிறான். எங்கள் அணியில் பந்தைக் கையில் வைத்து ஆட இரண்டு பேர் ஏற்கெனவே இருந்தார்கள். மூன்றாவதாக வருபவன் பந்தில்லாமல் ஓடி, சக ஆட்டக்காரர் வழிமறித்து நின்று தரும் ஸ்கிரீனைச் சுற்றி வந்து, மூலையில் இடம்பிடிக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். இளையவர், "32 நிமிடமும் வெளியே வராமல் ஆடுபவன் வேறு எப்போது மூச்சு வாங்குவான்?" என்று கேட்டார். "இங்கே முதலில் எட்டுப் பத்து நிமிடம்தான் கிடைக்கும். அப்போதும் நின்றால் என்ன சொல்வீர்கள்?" என்று மூத்தவர் திருப்பிக் கேட்டார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது.

பிறகு வாதம் பையனை விட்டு எங்கள் பக்கம் திரும்பியது. வரன் பேசும் வீடுகளில் மாப்பிள்ளையைவிடக் குடும்பத்தின் வரவு செலவே அதிகம் பேசப்படுவதுபோல ஆகிவிட்டது. 2018 அக்டோபரில், கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021இல் அணி மாறினால் ஓராண்டு உட்கார வேண்டும் என்ற கட்டுப்பாடு முதல்முறை மாறுவோருக்கு நீங்கியது. 2024இல் படிப்புத் தகுதி உள்ள யாரும் எத்தனை முறையும் மாறலாம் என்றானது. இதனுடன் 2021 ஜூலை முதல் தன் பெயரையும் படத்தையும் கொண்டு சம்பாதிக்கும் உரிமையும், 2025இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி கல்லூரியே நேரடியாகப் பணம் தரும் வழியும் சேர்ந்துகொண்டன. மூத்தவரின் கணக்கு எளிமையானது. இவனுக்கு இரண்டு ஆண்டு கற்றுக்கொடுத்து, அவன் தேறினால் பெரிய பல்கலைக்கழகம் பணம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். தேறாவிட்டால் ஓர் இடம் வீண். அதே இடத்தில், இரண்டாம் பிரிவில் மூன்று ஆண்டு ஆடிய 22 வயதுக்காரனை எடுத்தால் நாளையே களத்தில் இறக்கலாம்.

இந்தக் கணக்கை மறுப்பது எளிதன்று. இந்த விதிகள் வந்த பிறகு, நாடெங்கும் பள்ளிப் பையன்களுக்கான இடங்கள் சுருங்கியதற்கு இதுவே காரணம். ஆனால் போர்ட்டலில் நல்ல ஆட்டக்காரனுக்கு விலை பேசும் வலிமை எங்களைப் போன்ற அணிக்கு இல்லை என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். பணத்தில் போட்டியிட முடியாதவர்கள் பிறர் பாராத இடத்தில் தேடியாக வேண்டும். தேடி எடுத்தவனுக்குப் பயிற்சிக் கூடத்தில் நேரமும் ஒதுக்க வேண்டும். கேட்டபோது இதைத்தான் சொன்னேன். தலைமைப் பயிற்சியாளர் வேறு விதமாகச் சொன்னார். பெரிய அணிகள் கொத்திக்கொண்டு போகும் அளவுக்கு அவன் வளர்ந்தால், அதற்குள் நமக்குச் சில ஆட்டங்களை வென்று கொடுத்திருப்பான் என்றார்.

உதவித்தொகையுடன் அழைப்பு அனுப்பப்பட்டது. குடும்பத்தோடு வந்திருந்தபோது அவன் தாய் கேட்டது ஒரே கேள்விதான்: "முதல் ஆண்டில் எத்தனை நிமிடம் ஆடுவான்?" வழக்கமாக இந்தக் கேள்விக்குப் பயிற்சியாளர்கள் இனிப்பாக ஏதேனும் சொல்வார்கள். எங்கள் தலைமைப் பயிற்சியாளர், ஒரு நிமிடம்கூட ஆடாமல் போகலாம் என்றும், அந்த ஆண்டை ரெட்ஷர்ட்டாக, அதாவது போட்டிகளில் இறங்காமல் பயிற்சி மட்டும் செய்யும் ஆண்டாக எடுத்துக்கொண்டு உடலைத் தேற்றுவது நல்லது என்றும் சொல்லிவிட்டார். மூத்தவரின் எதிர்ப்புகளை ஒன்றுவிடாமல் அவர்கள் முன் எடுத்து வைத்தார். தந்தை தலையசைத்தார், தாய் அதைக் கேட்டுக்கொண்டு, படிப்பு முடிக்கும் மாணவர்களின் விகிதத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார். சில வாரங்களில் அவன் கையெழுத்திட்டான்.

அந்த ஆண்டு முழுவதும் அவன் ஆட்டநாள் உடையே அணியவில்லை. அடுத்த பருவத்தில் ஒன்பதாவது ஆளாக, தற்காப்புக்கு ஆள் தேவைப்படும்போது இறங்குகிறான். வீச்சு இன்னும் ஏறியிறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. போர்ட்டல் மறுபடி திறக்கும்போது இருப்பானா, போவானா என்று யாராலும் சொல்ல முடியாது. அவனை எடுத்தது சரிதான் என்று மூத்தவர் இதுவரை சொன்னதும் இல்லை. வாரந்தோறும் அவனுடைய குளோஸ்-அவுட் காட்சிகளை வெட்டி அவருக்குத்தான் அனுப்புகிறேன். பயிற்சி முடிந்த பிறகு அவனை நிறுத்தி வைத்து அந்தக் குறுகிய எட்டுகளைத் திருத்துபவர் அவரே.