கண்ணில்லாத மஞ்சள் எறும்புக்குப் பெயர் கண்டுபிடித்த கதை

ஐவரி கோஸ்ட் நாட்டின் லாம்தோ சவன்னாவில் எடுத்த மண் மாதிரிகளிலிருந்து எறும்புகளைப் பிரிக்கும் வேலை என்னிடம் வந்தது. அவற்றில் சில, நீளம் இரண்டு மில்லிமீட்டர் அளவு, வெளிர் மஞ்சள், கண்ணே கிடையாது. மண்ணடி எறும்புகளைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு முதலில் சொல்ல விரும்புவது: நிறத்தையும் கண்ணையும் நம்பாதீர்கள். இருட்டிலேயே வாழ்வதால், நெருங்கிய உறவு இல்லாத எறும்புகள்கூட வெளுத்து, கண் இழந்து, பார்க்க ஒன்றுபோலவே ஆகிவிடுகின்றன.

இடுப்பைப் பாருங்கள். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் எத்தனை கணு, அதாவது முடிச்சு மாதிரியான துண்டு? மண்ணடியில் வாழும் வேறு எறும்பு வகைகளான கேரிபாராவுக்கும் லெப்டனில்லாவுக்கும் இரண்டு. என் கையில் இருந்ததற்கு ஒன்றுதான். அந்த இரண்டையும் அப்போதே ஒதுக்கிவிட்டேன்.

அந்த ஒற்றைக் கணு வயிற்றோடு எப்படிச் சேர்கிறது என்று பார்க்கத்தான் அதிக நேரம் பிடித்தது. ஆல்கஹாலில் கிடக்கும்போது உடம்பு பளபளக்கும், மூட்டு தெரியாது. ஒன்றை எடுத்து உலர்த்தி, முக்கோணமாக வெட்டிய அட்டை நுனியில் துளிப் பசை வைத்து, பக்கவாட்டில் தெரியும்படி ஒட்டினேன். விளக்குக்கும் எறும்புக்கும் நடுவே டிரேசிங் பேப்பரை வளைத்து நிறுத்தியதும் பளபளப்பு அடங்கிவிட்டது. டிராகுலா எறும்புகள் எனப்படும் ஆம்ப்ளியோபோனினே துணைக்குடும்பத்தில் கணுவின் பின்புறம் வயிற்றோடு அகலமாக ஒட்டியிருக்கும். இதில் முன்னால் சின்னக் காம்பு, நடுவில் உருண்ட மேடு, வயிற்றைத் தொடும் இடம் குறுகல். அவ்வளவு தெளிவாக அது தெரிந்தபோது வந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல!

தலையை முன்பக்கமாகத் திருப்பினேன். வாய்க்கு மேலுள்ள தகட்டின் விளிம்பில் பல் மாதிரியான முளைகள் வரிசையாக நின்றன. உணர்கொம்பில் 12 துண்டுகள். ஒற்றைக் கணு உள்ள இன்னொரு வகையான ஹைப்போபோனெராவாக இருந்தால் நெற்றி மடல்கள் உணர்கொம்புக் குழிகளை ஓரளவு மூடியிருக்கும். இங்கே குழிகள் முழுக்கத் திறந்தே இருந்தன.

இத்தனையும் ஒன்றாகப் பொருந்துவது அபோமிர்மாவுக்கு மட்டும். ஆப்பிரிக்காவுக்கே உரிய பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) இது. பிரவுன், காட்வால்ட், லெவியூ மூவரும் 1971-இல் விவரித்த அபோமிர்மா ஸ்டிஜியாதான் இதில் முறைப்படி பெயர் பெற்ற ஒரே இனம். லேபிளில் நான் பேரினத்தை மட்டும் எழுதினேன். இனத்துக்கு முதலில் பெயர் வைத்தபோது ஆதாரமாகக் கொண்ட மூல மாதிரியோடு ஒப்பிடாமல் இனப்பெயர் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே இனம்தானே இருக்கிறது என்று எழுதிவிட்டால், இரண்டாவது இனம் கிடைத்தாலும் யார் கண்ணிலும் படாது.

இதை ஆம்ப்ளியோபோனினேயில் சேர்ப்பதா, தனித் துணைக்குடும்பமாக வைப்பதா என்று வகைப்பாட்டாளர்கள் பலமுறை மாற்றியிருக்கிறார்கள். அதனால் மீதி எறும்புகளை ஒட்டாமல், டிஎன்ஏ எடுக்க வசதியாக 95 சதவீத எத்தனாலில் போட்டு ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன்.