குடல் ஒட்டாமலிருக்க மாத்திரை கேட்டுப் போனேன்

குடல்வால் வெடித்து, வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்து பல வருடங்கள் ஆகியிருந்தன. திடீரென்று ஒருநாள் வயிறு உப்பியது, வாந்தி நிற்கவில்லை, காற்றுகூடப் பிரியவில்லை. ஸ்கேனில் சிறுகுடல் வீங்கி, ஓரிடத்தில் சட்டென்று சுருங்கியிருந்தது. பழைய ஆபரேஷனால் குடல் பக்கத்துப் பகுதிகளோடு ஒட்டிக்கொண்ட ஒட்டுதல், அதாவது அடிஹிஷன் என்றார்கள். மூக்கு வழியே குழாய், கையில் டிரிப்ஸ், வாய்க்கு எதுவும் கிடையாது. அந்த முறை குடல் அடைப்பு தானாகவே விட்டது. ஆனால் திரும்பத் திரும்ப வந்ததால், ஒட்டுதலைப் பிரித்துவிட ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

என்னை உறுத்திய கேள்வி இதுதான்: ஆபரேஷனால் வந்த ஒட்டுதலை இன்னொரு ஆபரேஷனால் பிரித்தால் அதுவும் ஒட்டாதா? ஒட்டக்கூடும் என்றுதான் சர்ஜன் நேராகச் சொன்னார். அதற்குள் நான் நிறையப் படித்துவிட்டேன். அழற்சியைக் குறைக்கும் மருந்து கொடுத்த எலிகளுக்கு ஒட்டுதல் குறைந்தது என்ற ஆய்வுகள் கண்ணில் பட்டன. செலிகாக்சிப் என்ற வலிமாத்திரையின் பெயர் அதில் அடிக்கடி வந்தது. சரி, எனக்கும் அதை எழுதித் தரலாமே என்று கேட்டேன்.

அவர் ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டினார். வயிற்றின் உள்சுவரையும் குடலையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை பெரிடோனியம். கத்தி பட்டாலும், பஞ்சுத்துணி உரசினாலும், காற்றில் உலர்ந்தாலும் அது காயப்படும். காயத்தின் மேல் சில மணி நேரத்திலேயே ஃபைப்ரின் என்ற, ரத்தத்தை உறையவைக்கும் புரதம் பசை போலப் படியும். அதை உடம்பே சில நாட்களில் கரைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. அழற்சி அதிகமானால் கரைக்கும் வேலை மந்தப்படும். கரையாமல் நின்றதற்குள் செல்கள் புகுந்து கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை உண்டாக்கும், புதிய ரத்தக்குழாய்கள் முளைக்கும், அப்புறம் அது நிரந்தரப் பட்டைதான். உறை ஏறத்தாழ ஒரு வாரத்தில் தன் மேற்பரப்பைப் புதுப்பித்துக்கொள்ளும். எது நடந்தாலும் அந்த முதல் வாரத்துக்குள்தான். வருடக்கணக்காக உள்ளே இருக்கும் பட்டையை எந்த வலிமாத்திரையும் கரைக்காது.

“அப்படியானால் முதல் வாரத்துக்குக் கொடுங்களேன், டாக்டர்” என்றேன்.

“வலிக்குக் கொடுப்பேன். ஒட்டுதலைத் தடுக்கும் என்று சொல்லிக் கொடுக்க மாட்டேன்” என்றார். எலியில் கிடைத்த பலன் மனிதரில் நிரூபணமாகவில்லை. ஸ்டீராய்டையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். காயம் ஆறுவது தாமதமாகும், கிருமித்தொற்று பயமும் உண்டு. செலிகாக்சிப், டைக்ளோஃபினாக் வகை வலிமருந்துகள் வயிற்றுப்புண், ரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு தரலாம். குடலை வெட்டி இணைக்க நேர்ந்தால் இன்னொரு கவலை: அந்த இணைப்பு கசியும் வாய்ப்பை இவை கூட்டக்கூடும் என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடல் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. இதைக் கேட்டபின் மாத்திரைக்காக நான் வற்புறுத்தவில்லை.

மாறாக, ஆபரேஷனில் என்ன செய்வார் என்று கேட்டேன். எனக்கு உண்மையில் உதவியது அந்தப் பேச்சுதான். முடிந்தவரை லேப்ரோஸ்கோபி, அதாவது சிறு துளைகள் வழியே செய்யும் ஆபரேஷன். குடலை ஈரமாகவே வைத்திருப்பது, அநாவசியமாகத் தொடாமல் இருப்பது, ரத்தம் தேங்க விடாமல் சுத்தம் செய்வது. பவுடர் இல்லாத கையுறை. அந்த ஸ்டார்ச் தூளே அழற்சியைத் தூண்டும். அமெரிக்காவில் 2017 ஜனவரியிலிருந்து பவுடர் கையுறைக்கே தடை. கடைசியாக, தடுப்புப் படலம் அல்லது திரவம்: காயப்பட்ட பரப்புகள் ஒன்றையொன்று தொடாமல் சில நாட்கள் பிரித்து வைத்து, பிறகு உடம்பிலேயே கரைந்துவிடும். மனிதரில் ஒட்டுதலைக் குறைப்பதற்கு மருந்தைவிட இதற்குத்தான் ஆதாரம் அதிகம் என்றார். அதுவும் முழு உத்தரவாதம் இல்லை; குடலை இணைத்த இடத்தைச் சுற்றி சில படலங்களை வைக்கவும் கூடாது.

மருந்துக்கு இரண்டு திட்டம் எழுதினார். குடல் கிழியாமல் ஒட்டுதல் பிரிந்தால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு சரியாக இருந்தால், சில நாள் மட்டும் அழற்சி எதிர்ப்பு மருந்து. குடலைத் தைக்க நேர்ந்தால் பாராசிட்டமாலும் வேறு வலிநிவாரணியும்தான். எனக்கு முதல் திட்டமே போதுமானதாக இருந்தது. வார்டில் ஊசி போட வந்த சிஸ்டரிடம் எதற்கு என்று கேட்டேன்; சார்ட்டைப் பார்த்துவிட்டு “வலிக்குத்தான்” என்றார். வலி அடங்கியதால் எழுந்து நடக்க முடிந்தது, காற்றும் பிரிந்தது. அந்த மருந்திடம் நான் எதிர்பார்த்ததும் அவ்வளவே.

வீட்டுக்கு அனுப்பும்போது அதை நிறுத்திவிட்டார்கள். ஒட்டுதல் வராமலிருக்கட்டும் என்று நானாகக் கடையில் வாங்கித் தொடரக் கூடாது என்று தனியாகச் சொன்னார்கள். விட்டுவிட்டு வரும் வலியோடு உப்பசம், வாந்தி, காற்றும் மலமும் நின்றுபோவது என்று ஆரம்பித்தால் வலிமாத்திரை போட்டுக் காத்திருக்காமல், எதுவும் சாப்பிடாமல் நேராக அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். பழைய ஆபரேஷன் விவரத் தாளையும் கையோடு எடுத்து வரச் சொன்னார்கள்.