மாவட்டக் கோட்டாவில் வந்தவள்

மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் படித்தேன் என்று யாரிடமாவது சொன்னால், அடுத்த மூச்சிலேயே நுவரெலியா மாவட்டம் என்றும் சொல்லிவிடுவேன். யாரும் கேட்பதில்லை. பின்னால் தெரிந்துகொண்டு அவர்கள் மனதுக்குள் ஏதாவது நினைப்பதை விட, நானே முந்திக்கொள்ளலாம் என்ற பதற்றம்தான்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டட ஆலோசனை நிறுவனத்தில் வேலை, வெள்ளவத்தையில் போர்டிங். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மத்தியானச் சாப்பாட்டு மேசையில் ஒரு சீனியர் பேச்சுக் கொடுத்தார். அவரும் தமிழர், நல்ல மனிதர்.

"எந்த ஊர் நீங்கள்?"

"ஹட்டன்."

"டவுனோ, தேயிலைத் தோட்டமோ?"

"தோட்டம்."

"அப்ப கோட்டாவில வந்திருப்பீங்கள், என்ன?"

அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுவிட்டு, பருப்பில் உப்புக் காணாது என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அது போகவில்லை. அன்று மாலை, ஏற்கெனவே முடித்து வைத்திருந்த ஒரு பீமின் கம்பிக் கணக்கை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். சரியாக இருந்தது. மறுபடியும் பார்த்தேன். அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. மற்றவர்கள் ஒரு தடவை பார்த்து அனுப்பும் வேலைக்கு எனக்கு இரவாகிவிடும். மீட்டிங்கில் வாய் திறப்பதற்கு முன்னால் சொல்லப்போவதை ஆங்கிலத்தில் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். ஓட்டி முடிப்பதற்குள் வேறு யாராவது அதையே சொல்லிவிடுவார்கள். பிறகு, அவர் சொன்னதால்தான் அது சரியான யோசனை என்று எனக்கே தோன்றும்.

பல்கலைக்கழக அனுமதியில் இந்த மாவட்டக் கோட்டா எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே நிறையப் பேர் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். பொறியியல் மாதிரியான பீடங்களில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி பிரியும். மிச்சம் 5 வீதம்தான் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைப்பது. நுவரெலியா அந்த 16இல் ஒன்று. அந்த 55 வீதத்தில் கொழும்புக்கும் பங்கு உண்டு என்பதைக் கவனியுங்கள். கொழும்பு மாவட்டப் பங்கில் பல்கலைக்கழகம் வந்தவரை யாரும் கோட்டாவில் வந்தவர் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் மாவட்டத்து வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த புள்ளி, குறைவு என்பதற்காகவே வெளியிலிருந்து வந்து, இங்கே பதிந்து, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய இடங்கள் அப்படிப் போகும்போது தகுதியைப் பற்றி யாருக்கும் கவலை வருவதில்லை. இதில் எனக்கு நிறையவே கோபம் உண்டு.

சரி, உள்ளே வந்த பிறகு என்ன நடந்தது? எல்லாருக்கும் ஒரே பேப்பர், ஆங்கிலத்தில். எந்தத் துறை என்பதையும் உயர்தரத்தில் எடுத்த இசட் புள்ளி தீர்மானிக்கவில்லை. அங்கே வந்து எழுதிய பரீட்சையின் புள்ளிகளை வைத்துத்தான் எனக்கு சிவில் கிடைத்தது. இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஏன் அந்த ஒரு கேள்வி இவ்வளவு ஆழமாய்ப் போனது என்றுதான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அம்மாவிடம் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. நாங்கள் இருக்கும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், மழைக்கு ஒழுகாத ஒரே மூலையில் அதற்குத்தான் இடம். உள்ளே பிளாஸ்டிக் பையில் சுற்றிய தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ், அதற்குக் கீழே எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள். என்னுடையதில் தகப்பனின் இனம் இந்தியத் தமிழர். தம்பியுடையதில் இலங்கைத் தமிழர். ஒரே அப்பா, ஒரே லயம். தாத்தா இந்த மண்ணில்தான் பிறந்தார், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்து, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டது. 2003இல் வந்த சட்டம் வரைக்கும் இந்தக் கணக்கு இழுபட்டது. பிறந்து வளர்ந்த இடத்திலேயே, நானும் இந்த ஊர்க்காரன்தான் என்று கடதாசி காட்டிக்கொண்டே இருந்த குடும்பம் எங்களுடையது. சாப்பாட்டு மேசையில் வந்த கேள்வியும் எனக்கு அப்படித்தான் கேட்டது, உன் கடதாசியைக் காட்டு என்று.

போன தைப்பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது இதை அம்மாவிடம் சொன்னேன். கொழுந்துக் கூடையின் கயிற்றை மாற்றிக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"அவங்க எழுதுன பேப்பரத்தானே புள்ள நீயும் எழுதுன?"

"ஆமாம்மா."

"அப்புறம் என்னா?"

கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம், போடுவார்கள், தண்ணீருக்கென்றும் கூடைக்கென்றும் நிறையில் கழிப்பார்கள். அத்தனையையும் பார்த்தவர் அம்மா. தான் பறித்த கொழுந்து எத்தனை கிலோ என்று அவருக்குத் தராசு சொல்லத் தேவையில்லை, கைக்கே தெரியும். எனக்கு அந்தத் திடம் இன்னும் வரவில்லை. அம்மாவின் பதிலைக் கேட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்.

ஆனால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த ஒரு வேலையைத் தொடங்கிவிட்டேன். பட்டயப் பொறியியலாளர் தகுதிக்கு விண்ணப்பிக்க, செய்த வேலைகளை விவரித்து ஓர் அனுபவ அறிக்கை எழுத வேண்டும். என் வரைவை எடுத்து வாசித்தேன். அத்திவாரம் வடிவமைக்கப்பட்டது, எங்கள் குழு கணக்கிட்டது, உதவியாக இருந்தேன். பக்கம் பக்கமாக இப்படியேதான் இருந்தது. அந்த அத்திவாரத்தை வடிவமைத்தது நான். அந்தக் கணக்கைப் போட்டதும் நான்தான். ஒவ்வொரு இடமாக எடுத்து, வடிவமைத்தேன், கணக்கிட்டேன் என்று மாற்றிக்கொண்டிருக்கிறேன். பாதி முடிந்திருக்கிறது, மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடுவேன்.