ஜான் டீயின் வாழ்க்கையிலிருந்து நீக்கிய பத்திகள்

மாணவர்களுக்கான கணித வரலாற்று நூலைச் செப்பனிட்டபோது, பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலக் கணித அறிஞர் ஜான் டீ பற்றிய கட்டுரையில், தேவதூதர்களோடு அவர் உரையாடியதாக நம்பிய செய்தி இடம்பெற்ற பத்திகளை நீக்கச் சொன்னேன். கட்டுரையை எழுதிய உதவியாசிரியர் வாதிடவில்லை. "சார், அவருக்கு அது தனி வேலை இல்லையே" என்று மட்டும் சொன்னார். கணித நூலில் கணிதம் இருந்தால் போதும் என்று பதில் சொன்னேன். நூல் வெளிவந்த பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை.

என் பக்கம் நியாயம் உண்டு. 1570-இல் ஹென்றி பில்லிங்ஸ்லி ஆங்கிலத்தில் வெளியிட்ட யூக்ளிடின் வடிவியல் நூலுக்கு டீ எழுதிய நீண்ட முன்னுரை, கடலோடிகளுக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும் கணிதம் எவ்வாறு பயன்படும் என்பதை விரித்துரைத்தது. 1583-இல் நாட்காட்டித் திருத்தம் பற்றி அரசு அவரிடம் கருத்துக் கேட்டபோது, பழைய நாட்காட்டியின் பிழையைச் சரிசெய்ய ரோமின் போப் நீக்கிய 10 நாட்கள் போதாது, 11 நாட்கள் நீக்க வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டினார். ஆயினும் பிற நாடுகளோடு ஒத்துப்போகும் பொருட்டுப் பத்துக்கு இசைந்தார். திருச்சபை ஆயர்கள் தடுத்தார்கள், இங்கிலாந்து 1752-இல்தான் புதிய நாட்காட்டிக்கு மாறியது. இத்தகையவரை மந்திரவாதி என்று ஒருமுறை சொல்லிவிட்டால் மாணவர் மனத்தில் அந்தச் சொல்லே தங்கும். அந்தப் பழியை அவரே அந்த முன்னுரையில் நொந்துகொண்டிருக்கிறார். 1604-இல், தம்மை விசாரித்துக் களங்கம் துடைக்குமாறு மன்னர் முதலாம் ஜேம்ஸிடம் வேண்டியிருக்கிறார். ஆகவே அந்தப் பத்திகளை நீக்குவதே அவருக்குச் செய்யும் நீதி என்று கருதினேன்.

ஆனால் அவர் மறுத்தது தீய ஆவிகளோடு உறவு என்ற குற்றச்சாட்டைத்தான். நாட்காட்டிக் கணக்கை ஒப்படைத்த அதே 1583-இல், லண்டனுக்கு அருகே மோர்ட்லேக்கில் இருந்த தம் வீட்டில், தேவதூதர்களைக் காண அவருக்குத் துணைநின்ற எட்வர்ட் கெல்லி படிகக் கல்லில் கண்டதாகக் கூறியவற்றை நாளும் நேரமும் குறித்துப் பதிவுசெய்தார். அங்கு உருவான எழுத்து அட்டவணைகள் பக்கத்துக்கு 49-க்கு 49 கட்டங்கள் கொண்டவை. இதையும் தனி விவகாரம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் நாங்கள் புகழ்ந்து விட்டுவைத்த அந்த முன்னுரையே, கணிதப் பொருள்கள் இயற்கைக்கும் இயற்கைக்கு அப்பாற்பட்டவற்றுக்கும் இடையில் நிற்பவை என்று சொல்கிறது. உதவியாசிரியர் இதை மனத்தில் வைத்துத்தான் பேசினாரோ என்று இப்போது நினைக்கிறேன். அன்று நான் அவரிடம் கேட்கவில்லை.

இருந்தும், தேவதூதர்களைச் சேர்த்தால் பொஹீமியாவின் திரெபோன் நகரையும் சேர்க்க வேண்டும். 1587-இல் அங்கே, தங்கள் மனைவியரைப் பகிர்ந்துகொள்ளும்படி தேவதூதர்கள் கட்டளையிட்டதாகக் கெல்லி கூற, டீ வேதனையோடு இணங்கினார். இதைப் பள்ளி மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது? மறுபதிப்பு வந்தால் முதலில் நீக்கிய பத்திகளை, முன்னுரை பற்றிய பகுதியை அடுத்தே வைக்க விரும்புகிறேன். திரெபோனைச் சேர்க்க மட்டும் இன்னும் மனம் வரவில்லை. அதை விட்டாலோ, கேட்ட சொல்லுக்கு அவர் எவ்வளவு தூரம் கட்டுப்பட்டார் என்பது மறைந்துபோகும்.