பார்க்காத நட்டுக்கு மரை போடுவது

கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் லேத் பட்டறைக்கு வேலை பெரும்பாலும் சாம்பிளோடுதான் வரும். தேய்ந்துபோன பம்ப் ஷாஃப்ட், கரும்பு மெஷின் பின், அறுவடை மெஷினில் மரை போன ஒரு போல்ட். "மோட்டார் நின்னு கெடக்குண்ணே, இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க" என்பார்கள். அளவு கேட்டால் நாலு நூல், அஞ்சு நூல் என்று பதில் வரும். ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. மரைக்கு மரை இடைவெளி பார்க்கும் பிட்ச் கேஜின் பிளேடுகளை ஒவ்வொன்றாக மரையில் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, எதில் வெளிச்சம் கசியவில்லையோ அந்த மரையைப் போட வேண்டியது. ஜோடி நட்டு பெரும்பாலும் கூடவே வந்திருக்கும். ஏறினால் வேலை முடிந்தது.

பக்கத்தில் நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் இதே வழிதான். அடிப்பாகம், தண்டு, தகழி எல்லாவற்றையும் தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரையால் மாட்டுகிறார்கள். இந்தத் தண்டு இந்த அடிப்பாகத்துக்கு என்று பார்த்துப் போட்ட மரை அது. பக்கத்து விளக்கின் தண்டு இதில் ஏற வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

துவாக்குடிப் பக்கத்து ஃபேப்ரிகேஷன் கம்பெனி ஒன்றிலிருந்து எங்கள் பட்டறைக்கு ட்ராயிங்கோடு வேலை வந்தபோது இந்த வழி போதவில்லை. மதகு ஷட்டர் தூக்கும் திருகுத் தண்டு, அதற்கான கன்மெட்டல் நட்டு, கொஞ்சம் ஸ்டட் (தலையில்லாத போல்ட்), சில பைப் அடாப்டர்கள். மேட்டூர் அணையை ஜூன் 12 திறப்பது வழக்கம் என்பதால் டெல்டாவில் மதகு வேலை எல்லாமே கோடைக்குள் முடிந்தாக வேண்டும். சாம்பிள் எதுவும் கிடையாது. நான் போடும் ஸ்டட்டில் ஏறப்போகும் நட்டை யாரோ, எங்கோ, வேறு மெஷினில் செய்திருப்பார்கள். அதை நான் பார்க்கப் போவதே இல்லை. ட்ராயிங்கில் மரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தும் அந்தப் பார்க்காத நட்டுக்காகத்தான் என்று பிடிபட்ட பிறகே எனக்கு எல்லாம் வரிசையாகப் புரிய ஆரம்பித்தது.

ஐடிஐயில் டர்னர் படித்தவன் நான். படத்தில் மரையை அடையாளம் காண்பது சிரமம் இல்லை. வெளிமரை என்றால் வெளி விட்டம் தடித்த கோடு, மரையின் அடிப்பள்ளம் மெல்லிய கோடு. முனையிலிருந்து பார்க்கும் படத்தில் அந்த மெல்லிய கோடு முக்கால் வட்டமாக நிற்கும். உள்மரையில் தலைகீழ்: துளை தடித்த கோடு, மரையின் வெளி விட்டம் மெல்லியது. மரை எங்கே முடிகிறது என்பதைக் குறுக்கே ஒரு தடித்த கோடு காட்டும். படம் சொல்வது அவ்வளவுதான். மரை பொடியா பெரிசா, வலதா இடதா, 60 டிகிரியா 55 டிகிரியா எதுவும் படத்தில் தெரியாது. அதெல்லாம் அம்புக்குறி போட்டு எழுதியிருக்கும் அந்த ஒரே வரியில்தான் இருக்கிறது.

அந்த வரியை எனக்குப் பிரித்துச் சொன்னவர் அப்பாவின் சிநேகிதர். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமா என்றுதான் கூப்பிடுவேன். (நாகப்பட்டினத்தில் இருந்த ஒர்க்‌ஷாப்தான் 1928-இல் பொன்மலைக்கு மாறியது. அந்தக் காலத்து நாகப்பட்டினம் கதைகளையும் அவர் வைத்திருக்கிறார்.) ஸ்டட்டின் ட்ராயிங்கில் "எம்16×2–6ஜி" (M16×2–6g) என்று இருந்தது. மாமா பேனாவை எடுத்து அதற்குக் கீழேயே எழுதிக் காட்டினார்.

எம் என்றால் மெட்ரிக் மரை, 60 டிகிரி. 16 என்பது பெயரளவு விட்டம். 2 என்பது பிட்ச், ஒரு மரையிலிருந்து அடுத்த மரைக்கு 2 மி.மீ. வெறும் எம்16 என்று எழுதினாலும் அதே 2 மி.மீ.தான், ஏனென்றால் சாதாரண பெரிய பிட்ச்சை எழுதாமல் விடலாம் என்பது விதி. எம்10 என்றால் 1.5, எம்12 என்றால் 1.75, எம்20 என்றால் 2.5. எம்16×1.5 என்று வந்தால் அது பொடி மரை. அங்கே பிட்ச்சை எழுதியே ஆக வேண்டும். இதுவரை எனக்கும் தெரியும். அதற்குப் பின்னால் நிற்கும் "6ஜி"யில்தான் மாமா நேரம் எடுத்துக்கொண்டார்.

"இந்த 6 இருக்கே, எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம்னு சொல்லுது. இந்த ஜி, எங்கேருந்து கணக்கு ஆரம்பிக்குதுன்னு சொல்லுது. சின்ன எழுத்துன்னா வெளிமரை, பெரிய எழுத்துன்னா உள்மரை. இத மட்டும் விடாத மாப்ள."

அளவில் வைத்துப் பார்த்தால் இப்படி. எம்16×2 வெளிமரைக்குச் சின்ன ஜி என்றால் கணக்கு 16.000-இல் ஆரம்பிக்காது, 38 மைக்ரான் (ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒன்று) கீழே, 15.962-இல் ஆரம்பிக்கும். அங்கிருந்து 15.682 வரை இருக்கலாம். அதாவது ராடை வெர்னியரில் சுத்தமாக 16.00 வரும்படி கடைந்து வைத்தால் அது ட்ராயிங்படி தப்பு. சாம்பிள் வேலையில் பழகிய கைக்கு இது உறுத்தும், 'சரியாக 16' என்பதுதானே நல்ல வேலை என்று தோன்றும். நிஜத்தில் மரையின் பொருத்தத்தை முடிவு செய்வது வெளி விட்டம்கூட இல்லை, பிட்ச் விட்டம்தான். மரையின் சரிவில் மேடும் பள்ளமும் சமமாக இருக்கும் இடத்து விட்டம் அது. எம்16×2–6ஜிக்கு 14.663-லிருந்து 14.503 வரை. நட்டுக்கு வழக்கமாக 6 பெரிய எச் போடுவார்கள். அதன் கணக்கு பெயரளவிலேயே ஆரம்பித்து மேல்நோக்கிப் போகும், அதன் பிட்ச் விட்டம் 14.701-க்குக் கீழே வராது. ஆக, மிகப் பெரிய ஸ்டட்டும் மிகச் சின்ன நட்டும் சந்தித்தால்கூட நடுவில் 38 மைக்ரான் இடம் இருக்கும்.

அந்த 38 மைக்ரான் வெறும் தாராளம் இல்லை என்பது ட்ராயிங்கின் ஓரத்தில் இருந்த இன்னொரு குறிப்பைப் படித்தபோது தெரிந்தது: ஜிங்க் பிளேட்டிங், 8 மைக்ரான். பிளேட்டிங் மரையின் இரண்டு பக்கமும் ஏறும், அதுவும் சரிவான பக்கத்தில். 60 டிகிரி மரையில் பூச்சின் கனத்தைப் போல் நான்கு மடங்கு பிட்ச் விட்டம் கூடும். 8 மைக்ரான் பூசினால் 32 மைக்ரான் கூடும். 38-க்குள் அடங்கிவிட்டது. யாராவது 12 மைக்ரான் பூசிக் கேட்டால் 48 ஆகிவிடும். எல்லையை ஒட்டிப் போட்ட ஸ்டட்டில் எல்லையை ஒட்டிய நட்டு ஏறாது. 6ஜி என்பது பூச்சுக்கு முந்தைய அளவு. பூசிய பிறகு சின்ன எச்சின் எல்லையை, அதாவது பெயரளவுக் கோட்டை, தாண்டக் கூடாது. அதனால் இப்போதெல்லாம் மரைக் குறிப்பைப் படிக்கும்போதே பூச்சு பற்றிய வரியையும் தேடிவிடுகிறேன். இரண்டும் ட்ராயிங்கில் வெவ்வேறு மூலையில் இருந்தாலும் ஒரே விஷயம்தான்.

மெஷின் பக்கம் வேறொரு சிக்கல். எங்கள் லேத் பழசு, மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ இஞ்சுக்கு 4 மரை. அதில் 2 மி.மீ. பிட்ச் சரியாக வர வேண்டுமானால் 40 பல் வீல் ஓட்ட, 127 பல் வீல் ஓட வேண்டும். ஏன் 127 என்றால், ஒரு இஞ்ச் 25.4 மி.மீ., அதை முழு எண்ணாக்க ஐந்தால் பெருக்கினால் 127. பல பட்டறைகளில் அந்த வீல் இருக்காது, 20 பல் வீலோடு 63 பல் வீலை வைத்து ஒப்பேற்றுவார்கள். அப்படிப் போட்டால் பிட்ச் 2.016 ஆகிறது. பிட்ச் கேஜில் வித்தியாசமே தெரியாது. ஆனால் 16 மி.மீ. நீள நட்டில் 8 மரைக்குள் அது சேர்ந்து சேர்ந்து எட்டில் ஒரு மி.மீ. தள்ளிவிடும். நான் 127 பல் வீலையே வாங்கிப் போட்டேன். மெட்ரிக் மரையை இஞ்ச் லீட் ஸ்க்ரூவில் வெட்டும்போது லீட் ஸ்க்ரூவைப் பிடிக்கும் ஹாஃப் நட்டை நடுவில் திறக்காமல் மெஷினை ரிவர்ஸில் ஓட்டித்தான் டூலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நேரம் பிடிக்கும், வேறு வழியில்லை.

சோதனைக்கு ரிங் கேஜ் இரண்டு. 'கோ' ரிங் கையாலேயே முழு நீளத்துக்கும் ஏற வேண்டும். பிட்ச் தள்ளியிருந்தாலும் கோணம் சாய்ந்திருந்தாலும் அது பாதியில் நின்றுவிடும். 'நோ கோ' ரிங் இரண்டு சுற்றுக்கு மேல் ஏறக் கூடாது. ஏறினால் மரை மெலிந்துவிட்டது என்று அர்த்தம். பார்க்காத நட்டுக்கு இந்த இரண்டு வளையமும்தான் பட்டறைக்குள் இருக்கும் பதிலாள். விலை கொஞ்சம் கடிக்கும். அந்த வேலையை எடுப்பதானால் வாங்கித்தான் ஆக வேண்டும்.

துளைக்குள் மரை என்றால் "எம்12×16 / 10.2×20" என்பது போல எழுதுவார்கள். மரை 16 மி.மீ. ஆழம், டிரில் 10.2, டிரில் ஆழம் 20. அந்த மிச்ச 4 மி.மீ., உள்மரை வெட்டும் டேப் என்ற கருவியின் கூம்பு முனைக்கு.

அடாப்டரில் "ஜி 1/2" என்று இருந்தது. இது பெரிய எழுத்து ஜி, முன்னால் பார்த்த சின்ன ஜி இல்லை. பைப் மரை தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை, மற்றவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரை இஞ்ச் என்றால் 12.7 மி.மீ. என்று தேடினால் அந்த அளவு பைப்பில் எங்குமே இருக்காது. வெளி விட்டம் 20.955 மி.மீ., இஞ்சுக்கு 14 மரை, கோணம் 55 டிகிரி. ஜி என்றால் நேர் மரை. தண்ணீரை நிறுத்துவது வாஷர். ஆர் என்று எழுதியிருந்தால் கூம்பு மரை, 16-க்கு 1 சாய்வு. மரைக்குள்ளேயே டேப்போ சணலோ சுற்றி இறுக்குவது. என்பிடி என்பது அமெரிக்கக் கூம்பு. அரை இஞ்சில் அதுவும் 14 மரைதான், சாய்வும் அதே, ஆனால் கோணம் 60 டிகிரி. ஒன்றில் இன்னொன்றைத் திருகினால் பிடித்தது போலவே இருக்கும், பிரஷர் கொடுத்தால் ஒழுகும். எழுத்து தெளிவாக இல்லாத ஜெராக்ஸ் ட்ராயிங்கில் இதை ஊகிக்கவே கூடாது. போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும்.

இஞ்ச் மரையிலும் இதே கதை. நம் பக்கத்துப் பழைய ஆயில் எஞ்சின்களில் இருப்பது விட்வொர்த் மரை. ஜோசஃப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த 55 டிகிரி. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் 60 டிகிரியைக் கொண்டுவந்தார். இரண்டு நாட்டு போல்ட்டும் நட்டும் ஒன்றுக்கொன்று சேராமல் உலகப்போரில் பட்ட பாட்டுக்குப் பிறகு 1948-இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் சேர்ந்து பொது மரைக்கு ஒப்புக்கொண்டன. யூஎன்சி என்ற பெரிய பிட்ச் இஞ்ச் மரை அதில் வந்தது. நாலு நூல் போல்ட் விட்வொர்த்தில் இஞ்சுக்கு 12 மரை, யூஎன்சியில் 13. ட்ராயிங்கில் "1/2–13" என்று பார்த்தால் நம் பழைய டேப் செட்டை எடுக்கக் கூடாது.

திருகுத் தண்டுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. "டிஆர் 40×7–7ஈ". டிஆர் என்றால் சரிவகப் பல், 30 டிகிரி. பழைய மதகுகளில் சதுர மரை பார்த்திருக்கிறேன். அதைவிடச் சரிவகப் பல் வெட்டுவதற்கு எளிது, பல்லின் அடியும் பலமானது. ஒரு சுற்றுக்கு ஷட்டர் 7 மி.மீ. ஏறும். பிட்ச் விட்டம் 36.5, அதில் மரையின் ஏற்றக் கோணம் மூன்றரை டிகிரிதான் வரும். கன்மெட்டல் நட்டின் உராய்வை மீறி அந்தச் சரிவில் தண்டு தானாக இறங்காது. பாதி தூக்கி விட்டால் பாதியிலேயே நிற்கும். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் விடுவது என்பது அந்தப் பாதியை நம்பித்தான் இருக்கிறது. அதே விட்டத்தில் "டிஆர் 40×14 (பி7)" என்று எழுதியிருந்தால் பிட்ச் 7, ஆனால் இரட்டை மரை, ஒரு சுற்றுக்கு 14 மி.மீ.; கோணம் ஏழு டிகிரிக்குக் கிட்டப் போய்விடும். எண்ணெய் போட்டு வழவழப்பான நட்டில் பளு ஏறும்போது அது நிற்கும் என்று நம்ப முடியாது. படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

எங்களுக்கு வந்தது இரண்டு தண்டு வைத்துத் தூக்கும் அகலமான ஷட்டர். மேலே ஒரே ஷாஃப்ட், இரண்டு முனையிலும் பெவல் கியர், ஒரு பக்க நட்டு வலம் சுற்றினால் மறு பக்க நட்டு இடம் சுற்றும் அமைப்பு. அதனால் ஒரு தண்டு வலது மரை, மற்றது இடது. இரண்டாவது ட்ராயிங்கில் குறிப்பின் கடைசியில் "எல்எச்" என்று இரண்டே எழுத்து. நீளம், விட்டம், சேம்ஃபர், முனைத் துளை எல்லாம் அச்சு மாறாமல் ஒன்றே. நான் அந்த ட்ராயிங்கில் எல்எச்சைச் சிவப்பில் வட்டம் போட்டு மெஷின் மேலே ஒட்டிவிட்டேன். நட்டு இரண்டையும் அதே நாளில் போட்டு, இடது நட்டின் மேல் எல் என்று பஞ்ச் அடித்தேன்.

இப்போது ட்ராயிங் வந்தால் விலை சொல்வதற்கு முன்னால் கம்பெனிக்குக் கேள்விகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். டாலரன்ஸ் எழுதாத மரைக்கு 6ஜி, 6 பெரிய எச் என்று எடுத்துக்கொள்ளலாமா, கொடுத்த அளவு பூச்சுக்கு முன்னாலா பின்னாலா, மரை நீளத்தில் மரை மங்கி முடியும் பகுதி சேருமா சேராதா, மரை முடியும் இடத்தில் ரிலீஃப் பள்ளம் வெட்டலாமா, கேஜ் அவர்கள் தருவார்களா நாம் வாங்க வேண்டுமா. சிலர் உடனே பதில் போடுவார்கள். சிலர் "போட்டுக் குடுங்க, பாத்துக்கலாம்" என்பார்கள். அவர்களிடம் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகுதான் ராடை சக்கில் பிடிக்கிறேன்.