அவர்களுக்கே பிடிக்காத ஆல்பம்

ஜூன் 4

எங்கள் பேண்டின் நாலு பாட்டுக்கும் முதல் மிக்ஸ், அதாவது தனித்தனியாகப் பதிவு செய்ததை எல்லாம் ஒன்றாகச் சேர்த்த வடிவம், வந்துவிட்டது. தம்பி ஹெட்ஃபோனை மாட்டினான், முதல் பாட்டு பாதி ஓடுவதற்குள் கழற்றி மேசையில் வைத்துவிட்டான். "அக்கா, இது நாம வாசிச்சது இல்ல." எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒத்திகையில் காது அடைக்க அடைக்க வாசித்த பாட்டு, இதில் டிரம்ஸ் எங்கேயோ ஒரு காலி மண்டபத்தில் தனியாக விழுகிறது, கிட்டார் நாலடி பின்னால் போய் நிற்கிறது. மிக்ஸ் செய்தவருக்குக் கோபமாக ஒரு மெயில் எழுதினேன். அனுப்பவில்லை, அப்படியே கிடக்கிறது.

ஜூன் 6

தூக்கம் வரவில்லை. பிரிட்டிஷ் ராக் பேண்ட் ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பம் 'அன்னோன் பிளெஷர்ஸ்' போட்டேன். பதினாறு வயதிலிருந்து கேட்கிறேன், எங்கே எந்தச் சத்தம் வரும் என்று மனப்பாடம். ஆனால் இன்று அதைப் போட்டதற்கு வேறு காரணம். பேஸ் வாசித்த பீட்டர் ஹூக், கிட்டார் வாசித்த பெர்னார்ட் சம்னர், இரண்டு பேருக்குமே வெளிவந்தபோது இந்த ஆல்பம் பிடிக்கவில்லை. மேடையில் தாங்கள் வாசித்த முரட்டுத்தனத்தைத் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் மழுங்கடித்துவிட்டார் என்பதுதான் குறை. முக்கியமாக கிட்டாரை. தம்பி சொன்னது அச்சாக இதே புகார்.

1979 ஏப்ரலில், ஸ்டாக்போர்ட்டில் இருந்த ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில், வார இறுதிகளில் பதிவு செய்தது. ஹானெட் அந்த ஸ்டூடியோவின் லிஃப்டைக்கூட விட்டுவைக்கவில்லை, அதன் சத்தமும் ஆல்பத்தில் இருக்கிறது. கண்ணாடி உடையும் சத்தம் இருக்கிறது. ஒரு பாட்டுக்குப் பாடகர் இயன் கர்டிஸின் குரல் தூரத்திலிருந்து வருவதுபோல வேண்டும் என்று டெலிஃபோன் லைன் வழியாகப் பதிவு செய்தார்.

ஜூன் 7

தம்பியிடம் ஒரு விஷயம் சொன்னேன். சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாக வெளியிடலாம் என்று தோன்றிய பாட்டுகளுக்கு ஹானெட், டிரம்மர் ஸ்டீஃபன் மாரிஸை ஒவ்வொரு டிரம்மாகத் தனித்தனியே வாசிக்கச் சொல்வாராம், ஒன்றின் சத்தம் இன்னொன்றின் மைக்கில் கலக்கக் கூடாது என்று. "அது எப்படி முடியும்" என்று உட்கார்ந்தான். முதலில் ஸ்னேர் டிரம் மட்டும். நாலு சுற்று தாண்டவில்லை, வலது கால் தானாகப் பெடலைத் தேடுகிறது, இடது கை வெறும் காற்றில் அடிக்கிறது. அப்புறம் மற்ற டிரம்களின் அடியை எல்லாம் தொடையில் தட்டிக்கொண்டே ஸ்னேரை மட்டும் நிஜமாக அடித்தான். பத்து நிமிடத்தில் தொடை சிவந்துவிட்டது. ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டோம். சுத்தமாக இருந்தது, ஆனால் உயிரில்லாமல். இல்லை, உயிரில்லாமல் என்பது தப்பு, வேறு யாரோ வாசித்ததுபோல இருந்தது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை, திரும்ப ஒரு தடவை போடச் சொன்னான்.

ஜூன் 9

சும்மா பேஸை எடுத்து ஆல்பத்தோடு கூடவே வாசித்தேன். ஹூக் மேல் ஃப்ரெட்களில் (உயர்ந்த சுருதி தரும் கட்டங்களில்) வாசிப்பதற்குக் காரணம் கலை நோக்கம் ஒன்றும் இல்லை, சம்னரின் ஆம்ப் சத்தத்தில் தன் பேஸ் தனக்கே கேட்காமல் போனதால் மேலே ஏறிவிட்டார். கர்டிஸுக்கு அது பிடித்துப்போக, அதுவே நிலைத்துவிட்டது. அந்த உயரத்தில் வாசிக்கும்போது பேஸே பாடுகிற மாதிரி இருக்கிறது, பக்கத்தில் கிட்டார் குறைவாக இருப்பதால்தான் அது இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பது கை வைத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஹானெட் கிட்டாரைக் குறைத்ததால் ஹூக்குக்கு நஷ்டமே இல்லையே!

ஜூன் 12

2007-இல் வந்த மறுபதிப்பின் இரண்டாவது வட்டில், 1979 ஜூலை 13 அன்று மான்செஸ்டரில் அவர்கள் வாசித்த கச்சேரி இருக்கிறது. ஆல்பம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தம்பியும் நானும் ஒரு பாட்டை ஆல்பத்தில் ஒரு தடவை, கச்சேரியில் ஒரு தடவை என்று மாற்றி மாற்றிக் கேட்டோம். கச்சேரியில் ஒரே முரட்டுச் சத்தம். ஹூக்கும் சம்னரும் எதற்காகக் கோபப்பட்டார்கள் என்பது நன்றாகப் புரிகிறது. தம்பிக்குக் கச்சேரிதான் பிடித்திருக்கிறது. எனக்கு, அதைக் கேட்டு முடித்ததும், ஆல்பத்துக்குத்தான் திரும்பிப் போகத் தோன்றியது.

ஜூன் 15

1979-இல் இதே தேதியில்தான் ஃபாக்டரி ரெக்கார்ட்ஸ் நிறுவனம் அந்த ஆல்பத்தை வெளியிட்டது. அச்சடித்தது 10,000 பிரதிகள், நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டோனி வில்சன் தன் சொந்தச் சேமிப்பைப் போட்டார். முன் அட்டையில் பேண்ட் பெயரும் கிடையாது, ஆல்பம் பெயரும் கிடையாது. கறுப்பில் வெள்ளைக் கோடுகள், 1967-இல் ஜோசலின் பெல் கண்டுபிடித்த முதல் பல்சாரின் (சுழன்றபடி சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்பு அனுப்பும் விண்மீன்) துடிப்புகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. இன்று அந்தப் படத்தை டி-ஷர்ட்டில் போட்டிருப்பவர்களில் பாதிப்பேர் பாட்டைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தம் இல்லை, நானே அட்டையைப் பார்த்துத்தான் பாட்டுக்கு வந்தேன்.

மெலடி மேக்கர் இசைப் பத்திரிகையில் ஜான் சாவேஜ் போன்றவர்கள் அப்போதே கொண்டாடினார்கள். ஆனால் விற்பனைப் பட்டியலில் அது நுழையவே இல்லை. 1980 மே 18-இல் கர்டிஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார், வயது 23. ஆகஸ்டில் ஆல்பம் பிரிட்டன் பட்டியலில் 71-ஆம் இடத்துக்கு வந்தது. அதிலிருந்து அந்தப் பாட்டுகளை ஒரு மரண வாக்குமூலமாகவே கேட்கிற பழக்கமும் வந்துவிட்டது. எனக்கு அது ஒப்பவில்லை. பதிவின்போது அவர்கள் இருபதுகளில் இருந்த நாலு பையன்கள், அதில் இரண்டு பேர் இன்னும் சத்தமாக வை என்று தயாரிப்பாளரோடு மல்லுக்கட்டியவர்கள். அந்த மல்லுக்கட்டும் அந்த ஆல்பத்துக்குள் கேட்கிறது, காது கொடுத்தால்.

பல வருடம் கழித்து ஹூக், ஹானெட் நல்ல வேலைதான் செய்திருக்கிறார், ஜாய் டிவிஷனின் சத்தத்தை உருவாக்கியதே அவர்தான் என்று ஒப்புக்கொண்டார்.

ஜூன் 18

எங்கள் மிக்ஸை இன்று மறுபடி கேட்டேன், யாரோ முன்பின் தெரியாத ஒரு பேண்ட் என்று நினைத்துக்கொண்டு. இரண்டாவது பாட்டில் தம்பியின் ஸ்னேர் விழுந்து, அதன் எதிரொலி அடங்கும் அந்த அரை நொடியில் எங்கள் பாடகி மூச்சை இழுப்பது கேட்கிறது. ஒத்திகையில் இத்தனை மாதம் நின்றும் அந்த மூச்சை நான் கேட்டதே இல்லை.

பழைய மெயிலை அழித்துவிட்டுப் புதிதாக இரண்டு வரி எழுதினேன். மூன்றாவது பாட்டில் பேஸைக் கொஞ்சம் ஏற்றுங்கள், டிரம்ஸை அப்படியே விட்டுவிடுங்கள். தம்பியிடம் காட்டினேன். ஹெட்ஃபோனை வாங்கி நாலு பாட்டையும் முழுசாகக் கேட்டான், விரல் மட்டும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது.

"சரி, அனுப்பு. ஆனா மேடையில நான் அடிக்கிற மாதிரிதான் அடிப்பேன்."

அனுப்பிவிட்டேன்.